வாற நத்தார் வரைக்கும்

“ஒரு வருசந்தானே அத்தான், வாற நத்தாருக்குத் திருப்பிக் குலுக்கேக்கை எங்கடை ஓலை வரும், அப்ப பாப்பம் உங்கடை முகத்தை” எண்டு சொல்லிப்போட்டு நீக்கிலாசு சுருட்டைப் பத்தவைக்கிறான், காத்துக்குக் கையைப் பொத்திக்கொண்டு, ஏதோ நாளைக்கு மழை வரும் எண்டு சொன்னவன் மாதிரி. எனக்கு முதல் விளங்கேல்லை. பேந்துதான் விளங்கிச்சுது. என்ன சொன்னனீ எண்டு கேட்டன். ஒரு வருசம் எண்டன் எண்டான். எதுக்கடா ஒரு வருசம்? “உதுக்குத்தான்” எண்டு என்ர மடியிலை கிடந்த கடுதாசி உறையைச் சுருட்டாலை காட்டினான். பகிடி விடுறானோ எண்டு மூஞ்சையைப் பாத்தன். அதிலை பகிடி இல்லை. இவன் என்ர எலிசம்மாவின்ர தம்பி, அவளுக்கு இருந்த அதே அகலக் கண், அந்தக் கண்ணாலை பொய் சொன்னால் எனக்குத் தெரியும். அட கோதாரி, இவன் உண்மையாத்தான் சொல்லுறான். இறங்குதுறைக் கல்லு சுடுது, சுடுறது தெரியுது, எழும்பத் தோணேல்லை. தூரத்திலை லோஞ்சு, அரசாங்கத்தின்ர இயந்திரப் படகு, ஒரு புள்ளியாத் தெரியுது. முருகைக்கல்லுத் திட்டைச் சுத்திக்கொண்டு வர அதுக்கு முக்கால் மணித்தியாலம் செல்லும். முக்கால் மணித்தியாலத்திலை ஒரு துரை அதிலையிருந்து கையை நீட்டுவார், நான் இந்த உறையைக் குடுக்கவேணும், இதுக்குள்ளை முருகைத்தீவு நூத்திப்பதினாலு வீட்டுக்காரரும் கையெழுத்தும் பெருவிரலும் வைச்ச பெட்டிசம் கிடக்கு, புதுசா வாற அரசாங்கத்தோடை எங்களைச் சேர்க்கவேண்டாம், நாங்கள் எங்கடை சபையை நாங்களே வைச்சு மகாராசாவுக்குக் கீழை தனிய நிப்பம், என்றென்றைக்கும் எண்டு. எழுதினது நான். கயித்தாம்பிள்ளை, தபாற்கந்தோர்க்காரன். இருவத்தாறு வருசமா இந்தத் தீவுக்கு வந்த கடுதாசி எல்லாத்தையும் வாசிச்சுச் சொன்னவன், போன கடுதாசி எல்லாத்தையும் எழுதிக் குடுத்தவன், எனக்குத் தெரியாமல் இஞ்சை ஒருத்தன்ர மனசிலையும் ஒண்டும் கிடக்காது எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சவன். நல்லா நிமித்தினாய் போ.

எல்லாம் அந்த எட்டாவது ஓலையாலை வந்தது. எங்கடை கரையிலை வலை வளைக்கிற இடம் ஏழு, பாடு எண்டு சொல்லுவம். நடுப்பாட்டிலை விட்டால் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம். கல்லுப்பாட்டிலை விட்டால் மீன் வருதோ இல்லையோ வலை கிழிஞ்சு வரும். ஆருக்கு எது எண்டு அடிபடாமல் இருக்க, நத்தாருக்கு மற்றநாள், பாலன் யேசு பிறந்த திருநாளுக்குப் போட்ட புது உடுப்போடையே சனம் கோயில் வாசலுக்கு வரும், பானைக்குள்ளை ஓலைத்துண்டைப் போட்டுக் குலுக்கி ஏழு கூட்டத்துக்கும் ஏழு துண்டு எடுக்கிறது. விழுந்தது விழுந்ததுதான், வாற நத்தார் வரைக்கும் அதிலை கதை இல்லை. கல்லுப்பாடு விழுந்தவனை எல்லாரும் கூடிப் பகிடி பண்ணுவினம், அவனும் சேர்ந்து சிரிப்பான், வருசம் முழுக்க அவன் வீட்டுக் கறிக்கு ஆரோ மீன் குடுப்பினம். இப்பிடி இருந்த ஊர் போன ஐப்பசியோடை நாறிப்போச்சு. வெள்ளைக்காரன் போறானாம், பெப்ரவரி நாலாந்தேதி சுதந்திரமாம், தூரத்துத் தீவுச் சனம் தங்கடை விருப்பத்தை எழுதித் தரலாமாம் எண்டு கடுதாசி வந்தது. உடைச்சு வாசிச்சதும் நான்தானே. பாதிச் சனம் சேருவம் எண்டுது, பாதி தனிய நிப்பம் எண்டுது. வலைக்கயிறு இழுக்கிற நேரம் இந்தப் பக்கத்தான் ஏலேலோ எண்டால் அந்தப் பக்கத்தான் வாயைத் திறக்கிறேல்லை. கோயிலிலை ரெண்டு கட்சிக்கும் நடுவிலை ஆறு முழம் வெறும் நிலம். சந்தியா அம்பட்டன் சேருற கட்சி, தனிய நிக்கிற கட்சிக்காரர் முழுப்பேரும் தாடியோடை திரிஞ்சம். சேருற கட்சிக்குத் தலைவன் ஆர்? இவன்தான், நீக்கிலாசு. தனிய நிக்கிற கட்சிக்கு? இந்தப் பெரிய மனுசன். கடைசியிலை ஒரு நாள் இவன்தான் வந்து என்ர தாடியைத் தடவிக்கொண்டு சொன்னான், “ஏன் அத்தான் மண்டையை உடைக்கிறம், பாட்டோடை பாடா இதையும் குலுக்கிவிடுவம்” எண்டு. நான் கட்டிப்பிடிச்சன். என்ன பெரிய மனசு எண்டு நினைச்சன். ஏழு ஓலை எடுத்த அதே பானை, அதே வாசல், அதே நாள், எட்டாவதா ஓலை எடுத்தம். என்ர பக்கம் விழுந்துது. தோத்தவன் எல்லாம் சிரிச்சான். கயித்தா, உனக்கு அப்பவாவது யோசனை வந்திருக்கவேணும். ஊரையே தோத்தவன் சிரிப்பானோ? அவன் கல்லுப்பாடு விழுந்தவன் சிரிக்கிற சிரிப்பல்லோ சிரிச்சவன். ஏழு ஓலையும் வருசத்தோடை முடியேக்கை எட்டாவது மட்டும் முடியாதெண்டு ஆர் அதுகளுக்குச் சொன்னது? நான் சொன்னன். சொன்னன்தானே? பெட்டிசத்தை ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினன், வடிவா, நிப்பாட்டி நிப்பாட்டி, கடைசி வரி என்றென்றைக்கும் எண்டு முடிஞ்சுது, பின்னுக்கு நிண்ட பெண்டுகள் எல்லாம் ஒரே குரலிலை ஆமென் எண்டுதுகள். சனம் உருகிப்போச்சுது எண்டு நான் பூரிச்சுப்போனன். செபத்திலை வாற என்றென்றைக்கும் எண்டு நினைச்சு ஆமென் சொல்லியிருக்குதுகள், எழுத்துக்கு ஒரு முடிவு வேணுமே எண்டு போட்டது எண்டு நினைச்சிருக்குதுகள். யேசுவே.

புள்ளி கொஞ்சம் பெருத்திட்டுது. இப்ப புகை தெரியுது. ஒருவேளை இவனுக்கு மட்டுந்தான் இந்த எண்ணமோ, மற்றவைக்கு விளங்கியிருக்குமோ, ஓம், அப்பிடித்தான் இருக்கும், இவன் சின்னனிலையிருந்தே அவசரக்காரன், எதையும் முழுக்கக் கேக்காதவன், அக்காக்காரியே சொல்லுவாள். அக்காக்காரி. அவள் வயித்துக்குத்தெண்டு பாயிலை விழுந்தது ஒரு புதன்கிழமை, பத்து மணி இருக்கும், முருங்கையிலை ஆய்ஞ்ச இலை சுளகிலை அப்பிடியே கிடந்தது. நாலு வருசம். மூண்டு தந்தி அடிச்சன், இந்தக் கையாலை, தட்டுறது நான் எண்டபடியாலை என்ர பேரையும் நானே தட்டினன். டாக்குத்தரை அனுப்பவும். மனைவி கடுமை. மனைவி மிகக் கடுமை. அக்கரையிலையிருந்து மறுமொழி வருது, லோஞ்சு வேறை அலுவலாப் போயிட்டுது, நோயாளியைக் கொண்டுவரவும் எண்டு. கொண்டுவரவும்! வெளியிலை கடல் பனை உயரம் எழும்பி அடிக்குது. நீக்கிலாசு வள்ளத்தை இறக்கினான், ரெண்டு தரம் இறக்கினான், ரெண்டு தரமும் கடல் அவனைத் திருப்பிக் கரையிலை எறிஞ்சுது, ரெண்டாந்தரம் முழங்காலிலை எலும்பு தெரிஞ்சுது. சனிக்கிழமை அவள் போயிட்டாள். மண் போட்டுட்டு வரேக்கையே நான் சொன்னன், இவங்களை நம்பினது காணும், எங்களுக்கெண்டு ஒரு டாக்குத்தர், எங்களுக்கெண்டு ஒரு லோஞ்சு, எங்கடை ஆக்கள் வைச்சு நடத்தவேணும். அவன் நொண்டிக்கொண்டு வந்தவன், நிண்டு சொன்னான், “இல்லை அத்தான், தனியக் கிடந்தபடியாலைதான் அக்கா செத்தவ, ஒரு பெரிய ஊரோடை ஒட்டிக் கிடந்திருந்தால் ஆரும் வந்திருப்பினம்” எண்டு. ஒரே பொம்பிளை, ஒரே சாவு. அவனுக்கு ஒண்டு விளங்கிச்சுது, எனக்கு வேறை விளங்கிச்சுது. ஆர் சரி? நாலு வருசமா இதை நான் என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டால் பதில் வந்திடும் எண்டு பயமோ. தனிய நிண்டால் டாக்குத்தர் எங்கையிருந்து வாறது கயித்தா, கடலிலையிருந்தோ? அதுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறாயோ பெட்டிசத்திலை? மகாராசாவின்ர தயவை எதிர்பார்க்கிறோம் எண்டு எழுதியிருக்கிறன். தூ.

திரேசம்மா வாறா. இந்த வருசம் நடுப்பாடு விழுந்த வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியாரின்ர பெண்சாதி, எங்கடை கட்சி, தீவிலை கணக்காக் கதைக்கிற மனுசி. துரைக்கெண்டு நண்டுப் பொரியல், பெட்டியிலை பிட்டு, துணியாலை மூடிக்கொண்டு வாறா. பின்னாலை இன்னும் சனம் வருது, வெள்ளை வேட்டி, நத்தார்ச் சீலை. இவவிட்டைக் கேப்பம், இவவுக்கு விளங்கியிருக்கும், மாதாவே இவவுக்காவது விளங்கியிருக்கவேணும். நான் வாயைத் திறக்க முதலே அவ கேக்கிறா, “தபால் அண்ணை, இந்தத் துரை வருசத்துக்கு வருசம் வருவாரோ, இல்லாட்டில் வேறை வேறை ஆக்கள் வருவினமோ?” ஏன் கேக்கிறியள் எண்டன். “இல்லை, இவருக்கு நண்டு சரிவருதோ தெரியேல்லை, ஒரே ஆள் எண்டால் வாற வருசத்துக்குத் தெரிஞ்சு சமைக்கலாமெல்லோ. வாற வருசம் நாங்கள் தோத்தாலும் மனுசருக்குச் சாப்பாடு குடுக்கத்தானே வேணும்.” சிரிச்சுக்கொண்டு போய்க் கல்லிலை பெட்டியை வைச்சா. ஒருத்தனில்லை, ரெண்டு பேரில்லை, வெண்டவையும் தோத்தவையும், முழு ஊரும். அத்தனை பெருவிரலையும் நானே பிடிச்சு மைக்குள்ளை அமத்தி வைச்சன், ஒவ்வொரு விரலும் சூடாயிருந்தது, அதிலை ஒரு விரல்கூட நான் எழுதினதுக்கு வைக்கேல்லை.

சொல்லிப்போடு. இப்பவே சொல்லு. எழும்பி நிண்டு, சனங்களே இது வருசத்தோடை முடியிற அலுவல் இல்லை, இது எப்பவும், உங்கடை பிள்ளையளுக்கும் எப்பவும் எண்டு சொல்லு. சொன்னால் என்ன நடக்கும்? பாதிப்பேர் கையெழுத்தை அழி எண்டுவினம். மறுபடி ஆறு முழம் வெறும் நிலம். லோஞ்சு இண்டைக்கு மட்டுந்தான், கடுதாசியிலை வடிவாப் போட்டிருக்கு, இண்டைக்குப் பெட்டிசம் தராத தீவெல்லாம் சேர்ந்ததாத்தான் எடுக்கப்படும் எண்டு. அப்ப சொல்லுறதும் தோக்கிறதும் ஒண்டுதான். சொல்லாட்டில் நான் வெண்டன். எதை வெண்டன்? இவன்ர ஊரை இவனுக்குத் தெரியாமல் எழுதிக் குடுத்து வெண்டன். சேர்ந்தாலும் அதுவும் எப்பவுந்தானே, அதுக்கும் திருப்பிக் குலுக்கல் இல்லைத்தானே, அப்ப எனக்கேன் குத்துது? இல்லை, அது ஆரோ செய்தது எண்டு இருக்கும், இது நான் செய்தது. கடலுக்குள்ளை தவறவிட்ட மாதிரி விட்டால்? வயசுபோன கை, காத்து, ஐயையோ எண்டு கத்தலாம். சீ. ஒரு வரி சேர்த்தால்? ஓராண்டுக்கு மட்டும் எண்டு. பேனை சட்டைப்பையிலை கிடக்கு. துரை வாசிச்சுப்போட்டு விழுந்து விழுந்து சிரிப்பார், இவங்களோ தனிய ஆளப்போறவங்கள் எண்டு கொழும்பு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், எழுதின கயித்தாம்பிள்ளை ஆரடா எண்டு கேப்பினம். பாத்தியோ, உன்ர பேர் அங்கை நிக்குது. பெட்டிசத்தின்ர அடியிலை செயலாளர் எண்டு கொட்டை எழுத்திலை போட்டிருக்கிறாய், ஆரும் கேக்காமலே போட்டாய், நாளைக்குச் சபை வந்தால் ஆர் செயலாளர் எண்டு உனக்குத் தெரியும். எலிசம்மாவுக்காக எண்டு ஊருக்குச் சொல்லுறாய். அவள் இருந்திருந்தால் உறையைப் பறிச்சு அடுப்புக்குள்ளை வைச்சிருப்பாள், உங்கடை விசருக்கு என்ர தம்பியோ கிடைச்சவன் எண்டு கேட்டிருப்பாள்.

“நீக்கிலாசு” எண்டன். என்ன அத்தான் எண்டான். லோஞ்சின்ர இயந்திரம் கேக்கத் தொடங்கிட்டுது, துக்குத் துக்கெண்டு. “திருப்பிக் குலுக்க விடமாட்டம் எண்டு அவை சொன்னால்?” எவை எண்டு கேட்டான். “கொழும்பு. வெள்ளைக்காரன். ஆரோ ஒருத்தர்.” அவன் சுருட்டை வாயாலை எடுத்துப்போட்டு என்னைப் பாத்தான், பாவம் இந்த மனுசனுக்கு வயசு போயிட்டுது எண்ட மாதிரி. “அவைக்கென்ன விசரே அத்தான்? கல்லுப்பாடு விழுந்தவன் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு கிழிஞ்ச வலையைப் பொத்துறான்? வருசம் முடியும் எண்டு தெரியும், பொத்துறான். முடியாதெண்டால் அவன் கத்தியெல்லோ எடுப்பான். ஒருத்தனுக்கே எப்பவும் கல்லுப்பாடு எண்டு வைச்சு ஒரு ஊரை ஆர் நடத்துறது? ஒரு நாள் நடத்தேலாது.” சொல்லிப்போட்டுத் திரேசம்மாவின்ர பெட்டியைத் திறந்து ஒரு நண்டுக்காலை எடுத்தான், அவ கையிலை அடிச்சா, ரெண்டுபேரும் சிரிக்கினம். நீக்கிலாசு நாலாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தாலை ஓடினவன். நான் பேப்பர் எல்லாம் வாசிக்கிறன், அங்கை மாநாடு இஞ்சை மாநாடு, சுயாட்சி, சட்டசபை, ஆர் என்ன பேசினவை எண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறன், ஒருத்தரும் இதைச் சொல்லக் கேக்கேல்லை. நாடு எண்டால் அப்பிடித்தான் நீக்கிலாசு. ஆருக்கோ ஒருத்தனுக்கு எப்பவும் கல்லுப்பாடு. அவன் கத்தி எடுக்கும் வரைக்கும் மற்றவை நடுப்பாட்டிலை நிண்டு ஏலேலோ பாடுவினம். உன்ர பேரை நான் அதிலை எழுதிப்போட்டன், உன்ர பெருவிரலை நான்தான் அமத்தினனான், தெரியுமோ, எழும்படா, என்ர கையிலையிருந்து இதைப் பறியடா. இவ்வளவும் உள்ளுக்கை. சரி, துரை கிட்ட வரட்டும், அவருக்கு முன்னாலை சொல்லுவன், எல்லாருக்கும் ஒரேயடியாச் சொல்லுவன். கட்டாயம் சொல்லுவன்.

லோஞ்சு துறையிலை வந்து அணைஞ்சிட்டுது. நான் எழும்பி முன்னுக்குப் போய் நிக்கிறன். துரை நாற்பது வயசு மதிக்கலாம், எங்கடை தமிழ் ஆள்தான், வெள்ளைக் காற்சட்டை, கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்துப்போய்க் கிடக்கு, இறங்க மனமில்லை. “மிஸ்டர் கயித்தாம்பிள்ளை நீங்களோ? இன்னும் ரெண்டு தீவு கிடக்கு, குறை நினைக்காதேங்கோ” எண்டு கையை நீட்டினார். உறையைக் குடுத்தன். குடுத்தது என்ர கை, பழக்கத்திலை குடுத்துட்டுது, இருவத்தாறு வருசமாக் கடுதாசி குடுத்த கை. அவர் பிரிச்சு ஒவ்வொரு தாளாப் புரட்டினார். “நூத்திப்பதினாலு வீடும் வைச்சிருக்கினமோ? ஒருத்தரும் மாறி நிக்கேல்லையோ?” எண்டார். “நான் இப்ப பதினொரு இடம் போயிட்டு வாறன், அடிபிடி இல்லாத ஒரு ஊரைக் காணேல்லை. எப்பிடிச் செய்தனீங்கள்?” நல்ல மனுசன், உண்மையாவே கேக்கிறார். பேந்து குரலைத் தணிச்சார். “இது போனால் போனதுதான், திருப்பி எடுக்கேலாது, வாற வருசம் மனம் மாறினம் எண்டு வரேலாது. சனத்துக்கு அது வடிவா விளங்கினதுதானே?” கடவுளே, இதைவிட வாசலை அகலத் திறந்துவிட ஏலாது. நீக்கிலாசு ரெண்டு பாகத் தூரம் பின்னுக்கு நிண்டு லோஞ்சுக்காரனுக்குப் பிட்டுப் பெட்டியைத் தூக்கிக் குடுக்கிறான். இப்ப. இப்ப சொல்லு. “வடிவா விளங்கினது, சேர்” எண்டன். ஆர் சொன்னது? நான்தான் சொன்னன். குரல்கூட நடுங்கேல்லை, தந்தி வாசிக்கிற குரல். துரை உறையைத் தோல்பைக்குள்ளை வைச்சுப் பூட்டினார்.

கயித்தை எடுத்துவிட்டினம். நான் கயித்து நுனியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், ஏன் பிடிச்சனான் எண்டு தெரியேல்லை, லோஞ்சுக்காரன் விடுங்கோ ஐயா விடுங்கோ எண்டு கத்துறான். நீக்கிலாசு பின்னுக்கிருந்து ரெண்டு கையையும் வாயடியிலை வைச்சு, “துரை! வாற நத்தாருக்கு மற்றநாள் மறக்காமல் வந்திடுங்கோ!” எண்டு கூப்பிட்டான். சனம் முழுக்க வாங்கோ வாங்கோ எண்டுது. துரையின்ர வெளுத்த முகத்திலை ஒரு சிரிப்பு வந்திச்சுது. குனிஞ்சு, அந்த இரைச்சலுக்குள்ளை எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, “விருந்துக்குக் கூப்பிடுகினமோ?” எண்டு கேட்டார். நான் ஓமெண்டு தலையாட்டினன். கயிறு என்ர கையிலையிருந்து உருவிக்கொண்டு போச்சு. “கட்டாயம் வாறன்!” எண்டு தொப்பியைக் கழட்டி எல்லாருக்கும் ஆட்டினார், சனம் கைதட்டி ஆரவாரம் பண்ணிச்சுது, தாடி வழிச்ச என்ர கட்சியும் வழிச்சுவிட்ட அவன்ர கட்சியும் ஒண்டாய் நிண்டு தட்டிச்சுது. நீக்கிலாசு வந்து என்ர தோளிலை கையைப் போட்டான். “நல்ல மனுசன் அத்தான். வாறனெண்டு வாயாலை சொல்லிப்போட்டார், இனி எங்களுக்கு என்ன பயம்?”